போர்க்காலத் தபால் தணிக்கை: மும்பையிலிருந்து ஓர் அறிமுகம்

பழைய தபால் தலைகளைச் சேகரிப்பவர் யாரேனும் மும்பையில் உங்களுக்கு அறிமுகமாக இருந்தால், 1940 முதல் 1945 வரையிலான உறைகளைக் காட்டும்படி அவரிடம் கேளுங்கள். உறையின் ஒரு பக்கம் கத்தரிக்கப்பட்டு, அதன்மேல் நீளமான ஒட்டுச்சீட்டு ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். பரிசோதகர் இதைத் திறந்தார் என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட அந்தச் சீட்டின்மேல் ஓர் எண்ணோ முத்திரையோ காணப்படும். எழுதியவருக்கும் பெறுபவருக்கும் தொடர்பில்லாத மூன்றாவது ஒருவர் அந்தக் கடிதத்தை முழுவதும் படித்துவிட்டு, அனுப்பலாம் என்று அனுமதித்தார் என்பதற்கான அரசாங்க அத்தாட்சி அது.

போர்க்காலத்தில் அரசு தன் மக்களின் கடிதம், தந்தி, தொலைபேசி, பத்திரிகை, வானொலி ஆகியவற்றைச் சோதித்து, வேண்டாதவற்றை நீக்குவதற்கும் நிறுத்துவதற்கும் தணிக்கை என்று பெயர். திரைப்படத் தணிக்கையை அறிந்த தமிழ் வாசகருக்கு இதை விளக்குவது எளிது என்று தோன்றலாம். ஆனால் இரண்டும் வேறு வகையானவை. திரைப்படம் பொதுமக்கள் பார்வைக்கென்றே எடுக்கப்படுவது. தணிக்கைக் குழு பார்க்கும் என்று தெரிந்தே தயாரிப்பாளர் அதை எடுக்கிறார். கடிதமோ ஒரே ஒருவர் படிப்பதற்காக எழுதப்படுவது. அதை அரசு படிக்கத் தொடங்கும்போது, எதை வெட்டினார்கள் என்பதோடு எதைத் தெரிந்துகொண்டார்கள் என்பதையும் சேர்த்தே நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

தணிக்கைக்கு எல்லா அரசுகளும் சொல்லும் முதல் காரணம் ஒன்றே. படைகள் எங்கே இருக்கின்றன, கப்பல் எந்த நாளில் புறப்படுகிறது, குண்டுவீச்சில் எது சேதமடைந்தது என்பன போன்ற செய்திகள் எதிரியின் கைக்குப் போகக்கூடாது. இந்தக் காரணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கே அதற்குச் சான்று. நியூயார்க்கில் பொம்மைக் கடை நடத்திவந்த வெல்வலி டிக்கின்சன் என்ற பெண், 1942இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் நகரத்து முகவரி ஒன்றுக்குப் பொம்மைகளைப் பற்றிய கடிதங்களை அனுப்பினார். பழுதுபார்ப்பதற்காகப் பொம்மை மருத்துவமனையில் விடப்பட்ட மூன்று ஆங்கிலேயப் பொம்மைகளைப் பற்றி ஒரு கடிதம் விரிவாகப் பேசியது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் பழுதுபார்க்கப்பட்டுவந்த மூன்று போர்க்கப்பல்களே அந்தப் பொம்மைகள் என்று புலனாய்வாளர்கள் பிறகு கண்டறிந்தனர். அனுப்புநர் முகவரியாகத் தன் வாடிக்கையாளர்களின் பெயர்களை அவர் அவர்களுக்கே தெரியாமல் பயன்படுத்தியிருந்தார். சேராமல் திரும்பிய கடிதங்கள் அந்தப் பெண்களின் வீடுகளுக்கு வந்தபோது, நாங்கள் எழுதியதல்ல என்று அவர்கள் புகார் செய்தனர். 1944இல் டிக்கின்சனுக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. தணிக்கைத் துறையினர் தம் பணியை நியாயப்படுத்த இத்தகைய வழக்குகளையே எடுத்துச் சொல்வார்கள். ஆயினும் அவர்கள் திறந்து படித்த கடிதங்களின் மலைபோன்ற குவியலில் இப்படிப்பட்டவை மிக மிகச் சிலவே.

மற்ற கடிதங்களெல்லாம் என்னவாயின என்பதை அறிய, அந்த அலுவலகங்கள் எவ்வாறு இயங்கின என்று பார்க்க வேண்டும். வெளிநாட்டுத் தபால் மூட்டை தணிக்கை நிலையத்துக்கு வந்ததும், கண்காணிப்புப் பட்டியலில் உள்ள பெயர்களுக்கும் முகவரிகளுக்கும் உரிய கடிதங்கள் தனியே பிரிக்கப்படும். மீதியுள்ளவற்றில் நேரமும் ஆளும் எவ்வளவுக்கு இடம் தருகின்றனவோ அவ்வளவு திறக்கப்படும். பரிசோதகர் உறையின் ஓரத்தைக் கத்தரித்துக் கடிதத்தைப் படிப்பார். ஊர்ப் பெயர், படைப்பிரிவின் எண், கப்பலின் பெயர் போன்றவை இருந்தால் பிளேடால் வெட்டியெடுப்பார். இல்லையேல் கறுப்பு மையால் அழிப்பார். ஐயத்துக்குரிய கடிதங்களை மேலதிகாரியிடம் அனுப்புவார். கண்ணுக்குத் தெரியாத மையால் எழுதியிருக்கலாம் என்று தோன்றினால் காகிதத்தைச் சூடாக்கியும் வேதிப்பொருள்களைத் தடவியும் சோதிப்பார்கள். தபால் வழியே சதுரங்கம் ஆடுவோர் எழுதும் நகர்த்தல் குறிப்புகளும் இரகசியச் சங்கேதமாக இருக்கக்கூடும் என்று அஞ்சி, இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தணிக்கை அவற்றையும் தடுத்தது. எல்லாம் முடிந்தபின் ஒட்டுச்சீட்டை ஒட்டி, முத்திரையிட்டு, கடிதத்தை அதன் வழியில் அனுப்பிவைப்பார்கள்.

போர்முனையில் உள்ள சிப்பாயின் நிலைமை இன்னும் இறுக்கமானது. பிரிட்டிஷ் படையில் சிப்பாய் எழுதும் கடிதத்தை முதலில் படிப்பவர் அவருடைய பிரிவின் அதிகாரியே. காலையில் தன்னை ஏவிய அதே மனிதர் மாலையில் தன் மனைவிக்கு எழுதிய வரிகளைப் படிக்கப்போகிறார் என்று தெரிந்த ஒருவரால் எதைத்தான் எழுத முடியும்? இந்தச் சங்கடத்தைக் குறைக்க முதல் உலகப் போரில் பச்சை உறை என்ற ஏற்பாடு இருந்தது. சொந்த விஷயங்களையும் குடும்ப விஷயங்களையும் மட்டுமே எழுதியிருக்கிறேன் என்று சத்தியம் செய்து கையொப்பமிட்டால், சொந்தப் பிரிவில் அதைத் திறக்க மாட்டார்கள். பின்னாலுள்ள தளத்தில் திறக்கலாம். இதைவிடச் சிக்கனமான ஏற்பாடும் ஒன்று இருந்தது. நலமாக இருக்கிறேன், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறேன், உன் கடிதம் கிடைத்தது என்பன போன்ற வாக்கியங்களை அச்சிட்ட அஞ்சலட்டையைச் சிப்பாய்க்குக் கொடுத்து, பொருந்தாதவற்றை அடித்துவிடச் சொன்னார்கள். தேதியும் கையொப்பமும் தவிர வேறு ஒரு சொல்லை எழுதினாலும் அட்டை கிழித்தெறியப்படும் என்று அதிலேயே அச்சிட்டிருந்தது. தணிக்கையாளருக்கு வேலையே வைக்காத தணிக்கை அது.

1914 இலையுதிர்காலத்தில் பிரான்சு நாட்டுப் போர்முனைக்கு அனுப்பப்பட்ட இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களுக்கு நேர்ந்தது தனிக் கதை. நான் இந்தப் பொருளைப் பற்றிப் பேச நேரும்போதெல்லாம் இதில்தான் அதிக நேரம் நிற்கிறேன். காதர் இயக்கம் போன்ற புரட்சிக் குழுக்களின் வெளியீடுகள் சிப்பாய்களின் கைக்குப் போய்விடக்கூடாது என்ற அச்சத்தால், இந்தியத் தபால்களுக்கென்று தனித் தணிக்கை ஏற்படுத்தப்பட்டது. இந்திய சிவில் சர்வீஸைச் சேர்ந்த ஈவ்லின் ஹோவெல் என்பவர் பிரான்சின் பூலோன் துறைமுக நகரத்தில் அந்த அலுவலகத்தை நடத்தினார். வாரந்தோறும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்களை இந்தியச் சிப்பாய்கள் எழுதினர். அவற்றைப் படிக்கச் சிறு குழு ஒன்றே இருந்தது. உருது, இந்தி, குர்முகி என்று பல எழுத்துகளில் வந்த அந்தக் கடிதங்களில் ஒரு பகுதியைத்தான் அவர்களால் படிக்க முடிந்தது. படித்தவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகளை மொழிபெயர்த்து, சிப்பாய்களின் மனநிலை எவ்வாறு இருக்கிறது என்ற குறிப்புடன் அறிக்கையாக மேலிடத்துக்கு அனுப்பினர்.

சிப்பாய்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். அவர்கள் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதினார். ஊரில் அதை இன்னொருவர் உரக்கப் படிக்க, குடும்பமும் அண்டை வீட்டாரும் கேட்டனர். ஆகவே அந்தக் கடிதங்கள் இரு முனைகளிலும் பலர் காதில் விழுந்தவை. நடுவில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியும் படிக்கிறார் என்பது தெரியவந்ததும், சிப்பாய்கள் அதற்கேற்ப எழுதக் கற்றுக்கொண்டனர். கறுப்பு மிளகு தீர்ந்துகொண்டிருக்கிறது, சிவப்பு மிளகாய் அவ்வளவாகச் செலவாகவில்லை என்ற பொருளில் ஊருக்குச் சரக்கு நிலவரம் போலக் கடிதம் போனது. கறுப்பு மிளகு இந்தியச் சிப்பாய், சிவப்பு மிளகாய் வெள்ளைக்கார வீரன். இதைப் புரிந்துகொள்வதற்குத் தணிக்கை அலுவலகத்துக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. படையில் யாரும் சேர வேண்டாம் என்று தம்பிக்கு மறைமுகமாகச் சொன்ன கடிதங்களும், நம்பிக்கையிழந்து எழுதிய கடிதங்களும், வெள்ளைக்காரப் பெண்களோடு பழகியதைப் பற்றிய கடிதங்களும் நிறுத்தி வைக்கப்பட்டன.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். படைவீரன் மனம் தளர்ந்திருக்கிறான் என்பது ஜெர்மானியருக்குப் பயன்படும் இராணுவ இரகசியம் என்று வாதிடலாம். ஆனால் பிரெஞ்சுப் பெண் ஒருத்தியோடு சிப்பாய் தேநீர் அருந்தினான் என்பது எந்த எதிரிக்குப் பயன்படும்? அந்தச் செய்தி பஞ்சாபுக்குப் போனால் வெள்ளையர் ஆட்சியின் மதிப்பு குறையும் என்பதே கவலை. எதிரிக்குத் தெரியக்கூடாது என்று தொடங்கிய தணிக்கை, நம் ஆட்களுக்கே தெரியக்கூடாது என்ற இடத்துக்கு ஓராண்டுக்குள் நகர்ந்துவிட்டது. தணிக்கையைப் பற்றிப் படிக்கத் தொடங்குபவர் எந்த நாட்டின் வரலாற்றை எடுத்துக்கொண்டாலும் இந்த நகர்வு எந்த இடத்தில் நடக்கிறது என்று தேடிப் பார்ப்பதே முக்கியம் என்பது என் கருத்து. சட்டத்தின் வாசகத்தில் அது தெரியாது. சட்டத்தைக் கொண்டு எதை நிறுத்தினார்கள் என்ற பட்டியலில்தான் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த அலுவலகத்தின் வேலையில் வெட்டுவதைவிடப் படித்துத் தொகுப்பதே பெரிது. கருத்துக் கணிப்புகள் இல்லாத காலத்தில், இலட்சக்கணக்கான சாதாரண மனிதர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அரசுக்குக் காட்டிய ஒரே கண்ணாடி தபால் மூட்டைதான். அந்த அறிக்கைகள் இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. மூலக் கடிதங்களில் மிகப் பெரும்பான்மை அழிந்துவிட்டதால், அந்தச் சிப்பாய்களின் குரலை நாம் கேட்பதே அவர்களை வேவு பார்த்தவர்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாகத்தான். வரலாற்று மாணவர்கள் இதற்கு நன்றி சொல்வதா, வருந்துவதா என்று எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

கடிதத் தணிக்கையிலிருந்து கருத்துத் தணிக்கைக்கு வருவோம். இரண்டையும் இணைக்கும் பாலமாகப் பல நாடுகளில் இருந்தது தபால் துறையே. பத்திரிகையைத் தடை செய்யாமலே அதைக் கொல்ல முடியும். சந்தாதாரருக்குப் போகும் வழியை அடைத்தால் போதும். இதைத் தமிழர்கள் போருக்கு முன்பே கண்டிருக்கிறார்கள். 1908இல் புதுச்சேரிக்கு இடம் மாறிய பாரதியாரின் 'இந்தியா' வார இதழ், பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வராமல் தடுக்கப்பட்டதால் 1910இல் நின்றுபோனது. போர் முடிந்த ஒன்பதாம் நாள், 1918 நவம்பர் 20 அன்று, புதுச்சேரி எல்லையைத் தாண்டிய பாரதியார் கடலூர் அருகே கைது செய்யப்பட்டார். அமெரிக்காவிலும் இதே உத்தி போர்க்காலத்தில் பெரிய அளவில் கையாளப்பட்டது. 1917இல் வந்த உளவுச் சட்டத்தைக் கொண்டு, அஞ்சல் துறைத் தலைவர் ஆல்பர்ட் பர்ல்சன் போரை எதிர்த்த சோசலிச இதழ்களுக்குத் தபால் வசதியை மறுத்தார். ஆங்கிலம் அல்லாத மொழிகளில் வந்த பத்திரிகைகள், போரையும் அரசையும் பற்றி எழுதினால் மொழிபெயர்ப்பை உள்ளூர் அஞ்சல் அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. கட்டாய ஆள்சேர்ப்பை எதிர்க்கும் துண்டறிக்கைகளைத் தபாலில் அனுப்பியதற்காகச் சார்லஸ் ஷெங்க் என்பவருக்குக் கிடைத்த தண்டனையை 1919இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தெளிவான, உடனடி ஆபத்து இருந்தால் பேச்சைத் தடுக்கலாம் என்ற அளவுகோலை நீதிபதி ஹோம்ஸ் அந்தத் தீர்ப்பில்தான் வகுத்தார். போரை எதிர்த்துப் பேசியதற்காகப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்ற யூஜின் டெப்ஸ், 1920 அதிபர் தேர்தலில் சிறையிலிருந்தே போட்டியிட்டு ஒன்பது இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் பெற்றார்.

இனி மும்பைக்கு வருகிறேன். கோட்டைப் பகுதியில் ஹார்னிமன் வட்டம் என்று ஒரு பூங்கா இருக்கிறது. மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் முலுண்டிலிருந்தும் வேலைக்குப் போகும் தமிழர்களில் எத்தனையோ பேர் மதிய உணவு வேளையில் அதைக் கடந்துபோகிறார்கள். அதன் பெயருக்குரிய பி.ஜி. ஹார்னிமன் ஓர் ஆங்கிலேயர். பாம்பே கிரானிக்கிள் நாளிதழின் ஆசிரியர். முதல் உலகப் போருக்காக 1915இல் கொண்டுவரப்பட்ட இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், 1919 ஏப்ரலில் அவர் கைது செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு நாடு கடத்தப்பட்டார். பஞ்சாபில் நடந்த அடக்குமுறையைப் பற்றி அவருடைய பத்திரிகை எழுதியதே காரணம். போர் ஓய்ந்தது 1918 நவம்பர் 11. அப்படியிருக்க, 1919 ஏப்ரலில் போர்க்காலச் சட்டம் எப்படி நடைமுறையில் இருந்தது என்று கேட்கலாம். போர் நீடிக்கும் காலமும் அதற்குப்பின் ஆறு மாதமும் அந்தச் சட்டம் நிற்கும் என்று விதி. போர் நீடிக்கும் காலம் என்பது துப்பாக்கி ஓய்ந்த நாளோடு முடிவதில்லை. உடன்படிக்கைகள் கையெழுத்தாகி முறைப்படி போர் முடிவு அறிவிக்கப்படும்வரை நீள்கிறது. அந்த ஆறு மாதமும் போதாது என்று கருதியே 1919 மார்ச்சில் ரௌலட் சட்டம் கொண்டுவரப்பட்டது. அதற்கான எதிர்ப்பே ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக் படுகொலையில் கொண்டுபோய் விட்டது. ஹார்னிமன் 1926இல்தான் இந்தியாவுக்குத் திரும்ப முடிந்தது. எதிரியிடமிருந்து நாட்டைக் காக்க இயற்றிய சட்டம், எதிரி சரணடைந்தபின் பத்திரிகை ஆசிரியர் ஒருவரைப் பிடிக்கப் பயன்பட்டது.

இரண்டாம் உலகப் போரில் இதன் அளவு பெருகியது. 1939ஆம் ஆண்டின் இந்தியப் பாதுகாப்புச் சட்டமும் அதன்கீழ் வந்த விதிகளும் கடிதம் முதல் சுவரொட்டி வரை எல்லாவற்றையும் அரசின் கைக்குள் கொண்டுவந்தன. 1942 ஆகஸ்ட் 8 அன்று மும்பைக் கோவாலியா குளத்து மைதானத்தில் வெள்ளையனே வெளியேறு தீர்மானம் நிறைவேறிய அதே நாளில், அந்த இயக்கத்தைப் பற்றியும் அதை அடக்க அரசு எடுக்கும் நடவடிக்கைகளைப் பற்றியும் உண்மைச் செய்திகளை அச்சிடுவதற்கே கட்டுப்பாடு விதிக்கும் ஆணை வந்தது. அரசுத் தரப்பும், அரசு ஏற்றுக்கொண்ட செய்தி நிறுவனங்களும், பதிவு பெற்ற நிருபர்களும் தருவதை மட்டுமே போடலாம். பொய்யைத் தடுப்பதாக அந்த ஆணை பாசாங்குகூடச் செய்யவில்லை.

அச்சு அடைபட்டதும் மும்பையில் காற்றில் ஒரு வழி திறந்தது. 22 வயதுக் கல்லூரி மாணவியான உஷா மேத்தாவும் நண்பர்களும் ஆகஸ்ட் 27 முதல் காங்கிரஸ் ரேடியோ என்ற இரகசிய வானொலியை நடத்தினர். இந்தியாவில் ஏதோ ஓரிடத்திலிருந்து 42.34 மீட்டரில் பேசுகிறோம் என்று அறிவிப்பு வரும். சௌபாத்தி, கிர்காவ் என்று ஒலிபரப்புக் கருவி ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே இருந்தது. சிட்டகாங் மீது நடந்த குண்டுவீச்சு, ஜாம்ஷெட்பூர் வேலைநிறுத்தம், ஆஷ்டியிலும் சிமூரிலும் நடந்த கொடுமைகள் என்று பத்திரிகைகள் எழுத முடியாதவற்றை அது சொன்னது. நவம்பர் 12 அன்று காவல்துறை பிடித்துவிட்டது. உஷா மேத்தாவுக்கு நான்காண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். குண்டுவீச்சுச் செய்தியை மறைப்பதற்கு அரசு இராணுவக் காரணத்தைச் சொல்ல முடியும். வேலைநிறுத்தச் செய்திக்கு அந்தக் காரணம் பாதிதான் பொருந்தும். கிராமத்து மக்கள்மீது படையினர் நடத்திய கொடுமைக்கோ அது சற்றும் பொருந்தாது. மூன்றையும் ஒரே விதி ஒரே மூச்சில் மறைத்தது.

தணிக்கையின் பயனையும் அபத்தத்தையும் ஒருங்கே காட்டும் நிகழ்ச்சியும் இந்த நகரத்திலேயே நடந்தது. 1944 ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி கடந்த சிறிது நேரத்தில், விக்டோரியா கப்பல்துறையில் நின்றிருந்த ஃபோர்ட் ஸ்டைகின் என்ற கப்பல் வெடித்தது. பஞ்சுப் பொதிகளோடும் தங்கக் கட்டிகளோடும் 1,395 டன் வெடிபொருளும் அதில் ஏற்றப்பட்டிருந்தது. பஞ்சில் பற்றிய தீ வெடிபொருளை எட்டியது. சற்று நேரத்தில் இரண்டாவது வெடிப்பும் நிகழ்ந்தது. துறைமுகத்தை ஒட்டிய பகுதிகள் எரிந்தன. பல நூறு பேர் இறந்தனர். தீயணைப்பு வீரர்களும் பெரும் எண்ணிக்கையில் மாண்டனர். அவர்களின் நினைவாகவே ஏப்ரல் 14 இன்றும் நாடெங்கும் தீயணைப்புப் படையினர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. நகரமே அதிர்ந்த நிகழ்ச்சி இது. ஆனால் முழு விவரத்தை வெளியே அனுப்ப நிருபர்களுக்கு மே மாதத்தின் இரண்டாம் வாரத்தில்தான் அனுமதி கிடைத்தது. இதற்குள் என்ன நடந்தது என்றால், ஜப்பானியரின் பிடியில் இருந்த சைகோன் வானொலி ஏப்ரல் 15 அன்றே விவரமாக அறிவித்துவிட்டது. யாருக்குத் தெரியக்கூடாது என்று மறைத்தார்களோ அவர்களுக்கு மறுநாளே தெரிந்துவிட்டது. சென்னையிலும் திருநெல்வேலியிலும் மும்பையில் வேலை பார்க்கும் மகனைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய குடும்பங்களுக்குத்தான் செய்தி தாமதமானது.

தகவலை மறைப்பதால் நேரும் சேதம் வங்காளப் பஞ்சத்தில் இன்னும் கொடியதாக வெளிப்பட்டது. 1943இல் இலட்சக்கணக்கானோர் பட்டினியால் மடிந்துகொண்டிருந்தபோது, போர்க்கால விதிகள் அதைப் பற்றி வெளிப்படையாக எழுதுவதைத் தடுத்தன. ஆகஸ்ட் 22 அன்று கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழின் ஆங்கிலேய ஆசிரியர் இயான் ஸ்டீபன்ஸ், தெருவில் கிடந்தவர்களின் புகைப்படங்களை வெளியிட்டார். அதன்பின்தான் டெல்லியும் லண்டனும் வாய் திறந்தன. இதே பஞ்சத்தைப் பற்றி ஊரிலிருந்து வந்த கடிதங்களைப் படித்து வெளிநாடுகளில் இருந்த இந்தியச் சிப்பாய்கள் கலங்குவதைத் தணிக்கை அறிக்கைகள் முன்பே பதிவு செய்துகொண்டிருந்தன. மக்களுக்குச் சொல்ல மறுத்ததை மக்களின் கடிதங்களிலிருந்தே அரசு அறிந்துகொண்டிருந்தது.

தமிழ்க் குடும்பங்களைப் பொறுத்தவரை, வெட்டப்பட்ட கடிதத்தைவிட வராத கடிதமே போரின் நினைவாக இருக்கும். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்ததும் மலேயாவுக்கும் இந்தியாவுக்கும் இடையே தபால் போக்குவரத்து அறுந்தது. தோட்டங்களில் வேலைக்குப் போயிருந்த தந்தையும் அண்ணனும் உயிரோடு இருக்கிறார்களா என்பது மூன்றரை ஆண்டுகளுக்குப் பல வீடுகளில் தெரியவில்லை. அந்தத் தோட்டத் தமிழர்களில் பெருந்தொகையினர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். அந்தப் படையைப் பற்றிய செய்திகளையும் இந்தியாவுக்குள் அடக்கியே வைத்திருந்தார்கள். போர் முடிந்து, 1945 நவம்பரில் டெல்லிச் செங்கோட்டையில் விசாரணை தொடங்கியபோதுதான் நாட்டு மக்கள் அதன் முழுக் கதையையும் கேட்டனர். இத்தனை நாள் மூடியிருந்ததே அந்த விசாரணையைச் சுற்றி எழுந்த கொந்தளிப்புக்கு ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். இலங்கைப் போரைப் பற்றி இங்கே நீளமாக எழுதவில்லை. 2000 மே மாதத்தில் அவசரகால விதிகளின்கீழ் யாழ்ப்பாணத்து உதயன் நாளிதழை மூடினார்கள் என்ற ஒன்றைச் சொன்னாலே, மேலே சொன்ன முறைகள் அங்கும் தொடர்ந்தன என்பது வாசகருக்கு விளங்கும்.

சுதந்திரத்துக்குப்பின் என்ன ஆயிற்று என்ற கேள்விக்கு நேரான விடை, சட்டங்கள் பெரும்பாலும் அப்படியே நின்றன என்பது. ஒட்டுச்சீட்டு ஒட்டி வெளிப்படையாகத் திறப்பது போர்க்கால முறை. சுவடு தெரியாமல் திறந்து, நகலெடுத்து, மறுபடி ஒட்டி அனுப்புவது அமைதிக்கால முறை. 1898ஆம் ஆண்டின் இந்திய அஞ்சல் சட்டத்தின் 26ஆம் பிரிவு, பொது நெருக்கடி ஏற்பட்டாலோ பொதுப் பாதுகாப்பும் அமைதியும் கருதியோ கடிதத்தை இடைமறிக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. சுபாஷ் சந்திர போஸின் குடும்பத்தினரின் கடிதங்களைச் சுதந்திர இந்தியாவின் உளவுத்துறை இருபதாண்டுக் காலம் படித்து நகலெடுத்து வந்தது 2015இல் வெளியான கோப்புகளால் தெரியவந்தது. அஞ்சல் இடைமறிப்பு அதிகாரத்தை விரிவாக்கும் திருத்த மசோதாவை 1986இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியபோது, குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் ஒப்புதலும் தராமல் திருப்பியும் அனுப்பாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். அது சட்டமாகவே இல்லை.

அரசமைப்புச் சட்டத்தின் நிலையையும் அறிந்துகொள்வது நல்லது. 19ஆம் பிரிவு தரும் பேச்சுரிமை, போர் அல்லது வெளிநாட்டு ஆக்கிரமிப்பை முன்னிட்டு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டால் 358ஆம் பிரிவின்படி செயலிழக்கும். 1975இல் உள்நாட்டுக் குழப்பத்தைக் காரணமாகக் காட்டியே நெருக்கடி நிலை வந்தது, பத்திரிகைகளுக்கு முன்தணிக்கையும் வந்தது. அந்த அனுபவத்துக்குப் பின்னரே 44ஆவது திருத்தம் 358ஆம் பிரிவைப் போருக்கும் வெளி ஆக்கிரமிப்புக்கும் மட்டும் உரியதாகச் சுருக்கியது.

1898ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டின் அஞ்சல் அலுவலகச் சட்டம் 2024 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 9ஆம் பிரிவு, நாட்டின் பாதுகாப்பு, அயல்நாடுகளுடனான நட்புறவு, பொது ஒழுங்கு, நெருக்கடி, பொதுப் பாதுகாப்பு ஆகியவற்றை முன்னிட்டு அஞ்சல் பொருளை இடைமறிக்கவும் திறக்கவும் நிறுத்தி வைக்கவும் ஓர் அதிகாரிக்கு அதிகாரம் வழங்க மத்திய அரசுக்கு இடமளிக்கிறது. எது நெருக்கடி என்பதை அந்தச் சட்டம் வரையறுக்கவில்லை. தொலைபேசி ஒட்டுக்கேட்புக்கு, பி.யு.சி.எல். என்ற மக்கள் உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உள்துறைச் செயலர் மட்டத்து ஆணை வேண்டும், மறுஆய்வுக் குழு அதைச் சரிபார்க்க வேண்டும் என்று வகுத்தது. அத்தகைய காப்பு எதுவும் 9ஆம் பிரிவின் வாசகத்தில் எழுதப்படவில்லை.